பிறந்த ஊரிலேயே உருதுவைப் படிக்கத் தெரிந்தவர்கள் அருகிப்போனது எவ்வாறு?

கோமதிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். பணிநிமித்தம் லக்னோவில் குடியிருக்கும் எனக்கு உருது மொழியின் வரலாறு குறித்துச் சில ஐயங்கள் எழுந்துள்ளன. வரலாறும் மொழியியலும் கற்றவர்கள் இக்குழுவில் பலர் இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

என்னுடன் பணிபுரியும் நண்பர் ஒருவர், எழுத்தர் பணியை மரபாகக் கொண்ட இந்துச் சமூகமான காயஸ்தர் குடும்பத்தைச் சேர்ந்தவர். தம் பாட்டனார் காலத்து வீட்டுக் கிரயப் பத்திரத்தை அண்மையில் அவர் கொண்டுவந்து காட்டினார். முத்திரைத்தாளின் மேற்பகுதியில் அச்சாகியிருந்த ஆங்கில எழுத்துகளைத் தவிர, பத்திரம் முழுவதும் உருதுவில், புள்ளிகள்கூட ஒழுங்காக இடப்படாத விரைவுக் கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. அவருடைய பாட்டனார் நாள்தோறும் உருது நாளேடு படித்தவர். தந்தை எழுத்துக்கூட்டிப் படிப்பவர். இவருக்கோ ஓர் எழுத்தும் தெரியாது. ஆயினும் வீட்டிலும் அலுவலகத்திலும் அவர் பேசுகிற பேச்சில் உருதுச் சொற்கள் நிறைந்திருக்கின்றன.

இங்கே யாரைக் கேட்டாலும் மூன்று செய்திகளைச் சொல்கிறார்கள். உருது முகலாயப் படைமுகாமில் பிறந்த கலப்பு மொழி என்பது ஒன்று. அது முஸ்லிம்களின் மொழி என்பது இரண்டாவது. பிரிவினையோடு அது பாகிஸ்தானுக்குப் போய்விட்டது என்பது மூன்றாவது. இரண்டாவது கூற்று முழு உண்மையன்று என்பதை அந்தப் பத்திரமே காட்டிவிட்டது. மற்ற இரண்டையும் எவ்வளவு தூரம் நம்பலாம்? இம்மொழியின் இறக்கம் உண்மையில் எப்போது தொடங்கியது? 1947க்குப் பிறகா, அதற்கு முன்பேவா?

தக்காணப்பீடபூமி:

நண்பர் கோமதிக்கரை அவர்களுக்கு, முதல் கூற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றவற்றை நன்கு அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

'உருது' என்னும் துருக்கியச் சொல்லுக்கு முகாம் என்று பொருள் இருப்பதைக் கொண்டு பின்னாளில் கட்டப்பட்டதே படைமுகாம் கதை. மொழிக்கு அந்தப் பெயர் வந்தது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான். அதற்கு முன்பு ஷாஜகானாபாத் என்ற அரண்மனை நகரத்தையே 'உருது-எ-முஅல்லா' என்று அழைத்தார்கள்; அந்நகரத்தின் மொழி என்ற வழக்கு நாளடைவில் சுருங்கி உருது என்றாயிற்று. அதுவரை அம்மொழியில் எழுதியவர்கள் அதை ஹிந்தவி என்றும் ஹிந்தி என்றும் தெஹ்லவி என்றும் ரேக்தா என்றும்தான் குறிப்பிட்டார்கள். இந்தப் பெயர் வரலாற்றைச் சான்றுகளோடு விரிவாக ஆராய்ந்தவர் அலகாபாத்தில் வாழ்ந்து 2020இல் மறைந்த ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி. மொழியின் எலும்புக்கூடு தில்லி வட்டாரத்தின் கடிபோலிப் பேச்சு. இன்றைய ஹிந்தியும் அதே எலும்புக்கூட்டின் மீதுதான் நிற்கிறது. சொற்களில் பாரசீகமும் அரபியும் எவ்வளவு கலந்தாலும் வினைகளும் வேற்றுமை உருபுகளும் இந்நாட்டைச் சேர்ந்தவை.

ஆனால் வட இந்தியர்கள் பலர் மறந்துவிடுகிற ஒரு பெரும்பகுதி தக்காணத்தில் இருக்கிறது. முகம்மது பின் துக்ளக் 1327இல் தலைநகரைத் தௌலதாபாத்துக்கு மாற்றியபோது தில்லிக் குடிமக்கள் பலர் தெற்கே வந்தார்கள். 1347இல் பாமினி அரசு தனியாகப் பிரிந்த பிறகு அவர்களுடைய பேச்சு தில்லியிலிருந்து விலகி, மராத்தி, தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றின் நடுவே தனக்கென ஒரு வடிவம் கொண்டது. அதுவே தக்கனி. பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பாதியில் பீதரில் நிஜாமி இயற்றிய 'கதம் ராவ் பதம் ராவ்' என்னும் கதைப்பாடல் இன்று கிடைக்கிற தக்கனி இலக்கியங்களுள் மிகப் பழையது. 1591இல் ஐதராபாத்தை நிறுவிய முகம்மது குலி குதுப் ஷா தாமே பெருங்கவிஞர். மழைக்காலத்தையும் வசந்த விழாவையும் ஈகைத் திருநாளையும் தம் நகரத்து மக்களின் கண்களால் பார்த்துப் பாடியவர். கோல்கொண்டாவில் வஜ்ஹி 1635இல் 'சப் ரஸ்' என்ற உரைநடைப் படைப்பையே எழுதி முடித்துவிட்டார். அந்தக் காலத்துத் தில்லியில் கற்றவர்கள் கவிதை எழுதினால் பாரசீகத்தில்தான் எழுதுவார்கள்.

வலி என்னும் தக்காணத்துக் கவிஞர் 1700இல் தில்லிக்குச் சென்றதும், அதன்பின் அவருடைய கவிதைத் தொகுப்பு அங்கே பரவியதும்தான் வடக்கின் நிலையை மாற்றின. பேசுகிற மொழியிலேயே பாரசீகத்துக்கு நிகரான கஜல் எழுத முடியும் என்ற துணிவு அங்கிருந்தவர்களுக்கு வந்தது. மீர், சௌதா ஆகிய கவிஞர்கள் அந்தத் துணிவின் வழியில் வந்தவர்கள். அகமதாபாத்தில் இருந்த வலியின் அடக்கத்தலம் 2002ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது இடிக்கப்பட்டு, அந்த இடத்தின் மீது தார்ச்சாலை போடப்பட்டது என்பதை வேதனையோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது.

நீங்கள் வசிக்கும் லக்னோ இவ்வரலாற்றில் மூன்றாவதாக வருகிற நகரம். 1739இல் நாதிர் ஷாவும், அடுத்து அகமது ஷா அப்தாலியும் தில்லியைச் சூறையாடிய பின்பு, கவிஞர்கள் அயோத்தி (அவத்) அரசை ஆண்ட நவாப்களின் ஆதரவை நாடிக் கிழக்கே போனார்கள். மீர் 1782இல் லக்னோ வந்து, 1810இல் அங்கேயே மறைந்தார்.

பழஞ்சுவடி:

மேலே எழுதியவர் கவிஞர்களின் வழியைக் காட்டினார். உருதுவின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் கவிஞர்களைவிடக் கச்சேரி (நீதிமன்றம், அரசு அலுவலகம்) எழுத்தர்களும் பள்ளிக்கூடங்களுமே பெரிய காரணம் என்பது என் கருத்து. ஆகவே 1947 என்ற ஆண்டிலிருந்து தொடங்குவது பொருந்தாது; 1837இலிருந்து தொடங்க வேண்டும்.

அவ்வாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி நீதிமன்றங்களிலிருந்து பாரசீகத்தை நீக்கி, அந்தந்த வட்டார மொழிகளைப் புகுத்தியது. வங்காளத்தில் வங்காளி வந்தது; வடமேற்கு மாகாணங்களிலும் (இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பெரும்பகுதி) பீகாரிலும் பாரசீக எழுத்தில் எழுதப்பட்ட உருது வந்தது. 1849இல் பஞ்சாப் பிடிபட்ட பிறகு, மக்கள் பேசியது பஞ்சாபியாக இருந்தும் அங்கேயும் உருதுவே ஆட்சிமொழியாயிற்று. இதன் விளைவாக, அரசு வேலையை விரும்பிய காயஸ்தரும் கத்ரியும் காஷ்மீரப் பண்டிதரும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே பாயில் அமர்ந்து உருது கற்றார்கள். உங்கள் நண்பர் வீட்டுப் பத்திரம் உருதுவில் இருப்பது அதனால்தான். 1858இல் லக்னோவில் அச்சகம் தொடங்கிய முன்ஷி நவல் கிஷோர் குர்ஆனையும் அச்சிட்டார், ராமாயணத்தையும் உருதுவில் அச்சிட்டார். அவருடைய 'அவத் அக்பார்' இதழில் நெடுந்தொடர் எழுதிப் புகழ்பெற்ற ரதன் நாத் சர்ஷார் ஒரு காஷ்மீரப் பண்டிதர். பிரேம்சந்தும் முதலில் உருதுவில்தான் எழுதினார். 1908இல் வந்த அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பு உருது நூலே.

அதே கச்சேரிதான் உருதுவுக்குப் பகையையும் தேடித் தந்தது. நாகரி எழுத்தோ கைதி என்னும் வட்டார எழுத்தோ மட்டும் அறிந்த சிற்றூர் விவசாயி ஒருவருக்கு வருகிற அழைப்பாணை, அவர் ஊரில் யாராலும் படிக்க முடியாத எழுத்தில் வந்தது. அதை எதிர்த்து எழுந்த கோரிக்கையில் நியாயம் இருந்தது என்பதை உருதுவை நேசிப்பவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். பீகாரில் 1881இல் உருதுவின் இடத்துக்குக் கைதி எழுத்தில் எழுதிய ஹிந்தி வந்தது. 1893இல் காசியில் நாகரி பிரசாரிணி சபை தோன்றியது. 1900 ஏப்ரல் 18 அன்று துணைநிலை ஆளுநர் அந்தோனி மெக்டானல் பிறப்பித்த ஆணையால், வடமேற்கு மாகாணங்களிலும் அயோத்தியிலும் நீதிமன்ற மனுக்களை நாகரியிலும் தரலாம் என்றாயிற்று. அந்த ஆணை உருதுவைத் தடை செய்யவில்லை. இரண்டு எழுத்துகளுக்கும் இடம் தந்தது. ஆனால் அதைச் சுற்றி நடந்த பூசலில் எழுத்து மதத்தின் அடையாளமாக உறைந்துபோனது. ஒரு தரப்பு சமஸ்கிருதச் சொற்களையும் மறு தரப்பு அரபு, பாரசீகச் சொற்களையும் வலிந்து அள்ளிக் கொட்ட, இடையிலிருந்த பொதுமொழிக்குக் காப்பாளர் இல்லாமல் போயிற்று. உருது வளர்ச்சிக்கென அஞ்சுமன் தரக்கி-எ-உருது 1903இல் தோன்றியதும் இந்தச் சூழலில்தான்.

அடுத்த அடி 1951இல் விழுந்தது. உத்தரப் பிரதேசம் தேவநாகரி ஹிந்தியை ஒரே ஆட்சிமொழியாகச் சட்டமாக்கியது. பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜாகிர் உசேனின் தலைமையில், உருதுவுக்கு ஏற்பு வேண்டி இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோரின் கையொப்பங்களைத் திரட்டி, 1954இல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்திடம் அளித்தார்கள், பயன் விளையவில்லை. பள்ளிகளில் நடந்தது இதைவிடக் கேடானது. மும்மொழித் திட்டம் வந்தபோது மூன்றாம் மொழியாக அம்மாநிலம் பெரும்பாலும் சமஸ்கிருதத்தையே வைத்தது. உருதுவுக்கு ஆசிரியர் கிடைக்கவில்லை. 1989இல் உருது இரண்டாம் ஆட்சிமொழி ஆனது. அதை எதிர்த்த வழக்கு 2014இல்தான் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியாயிற்று. இடைப்பட்ட காலத்தில், மதரஸாவுக்குப் போகாத பிள்ளைகளுக்கு உருது எழுத்து கற்கும் வாய்ப்பு பெரிதும் அடைபட்டிருந்தது. உருது முஸ்லிம்களின் மொழி என்ற கூற்று ஓரளவு உண்மையாகத் தோன்றத் தொடங்கியது அப்போதுதான். அது விளைவே தவிர, இயல்பு அன்று.

உங்கள் நண்பரின் பத்திரத்தைப் பற்றி ஒரு குறிப்பு. அது ஷிகஸ்தா எனப்படும் விரைவெழுத்தாக இருக்கும். எழுத்துகளை இடைவெளியின்றி இணைத்து, புள்ளிகளை விட்டுவிட்டு எழுதும் முறை அது. அச்செழுத்து மட்டும் படித்தவரால் அதைப் படிக்க இயலாது. தொகையைப் பல பத்திரங்களில் 'ரகம்' என்ற தனிக் குறியீடுகளால் எழுதியிருப்பார்கள். அவை அரபுச் சொற்களின் சுருக்க வடிவங்களே தவிர, எண்கள் போலவே தோன்றா. பழைய நீதிமன்ற வளாகத்தில் மூத்த பத்திர எழுத்தர் யாரேனும் இருந்தால் உடனே படிக்கச் சொல்லி, ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள்.

கீழைக்கடல்:

மூன்றாவது கூற்றுக்கு நான் மறுமொழி தருகிறேன். உருது பாகிஸ்தானுக்குப் போய் அங்கே அரியணை ஏறியது என்று நினைப்பவர்கள், அரியணையால் அதற்கு விளைந்த கேட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பாகிஸ்தான் உருவானபோது மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் வங்காளி பேசினார்கள். 1948 மார்ச் மாதம் டாக்கா சென்ற ஜின்னா, உருது ஒன்றே அரசு மொழியாக இருக்கும் என்று அவர்கள் முகத்துக்கு நேரே அறிவித்தார். 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1956ஆம் ஆண்டு அரசமைப்பில் வங்காளிக்கு இடம் கிடைத்தபோது காலம் கடந்திருந்தது. அந்த மனக்காயம் 1971இல் நாடு பிளந்ததற்கான காரணங்களுள் ஒன்று. சிந்து மாகாணத்தில் 1972இல் சிந்தி மொழிச் சட்டம் வந்தபோது உருது பேசுவோருக்கும் சிந்தி பேசுவோருக்கும் இடையே கலவரம் மூண்டது. கஜலுக்காக உலகமே விரும்பிய மொழி, அண்டை வீட்டுக்காரர்களால் வெறுக்கப்படும் நிலைக்கு ஆளாக்கப்பட்டது.

இவ்வளவுக்கும் பிறகு அங்கே உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 2017 கணக்கெடுப்பில் 7 விழுக்காடு, 2023இல் 9 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். பெரும்பாலோர் அதைப் பொதுமொழியாகப் பேசுகிறார்கள், படிக்கிறார்கள். அந்த வகையில் வாசகர் வட்டம் பெரியது, இலக்கியமும் வளமானது. ஆனால் 1973 அரசமைப்பு, 15 ஆண்டுகளுக்குள் அரசுப் பணிகளை உருதுவுக்கு மாற்ற வேண்டும் என்று சொன்னது. 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதையே மீண்டும் ஆணையாகச் சொல்ல வேண்டியிருந்தது. உயர்நிலை நிர்வாகமும் நீதித்துறையும் இன்னும் ஆங்கிலத்தைத்தான் நம்பியிருக்கின்றன.

கோமதிக்கரை:

எழுதிய அனைவருக்கும் நன்றி. பத்திரத்தைப் படிக்கக்கூடியவரைத் தேடும்படி நண்பரிடம் சொல்லிவிட்டேன். உங்கள் விளக்கங்களிலிருந்து இன்னொரு கேள்வி பிறக்கிறது. 2013இல் தொடங்கிய ரேக்தா இணையதளத்தில் உருதுக் கவிதைகளைத் தேவநாகரியிலும் உரோமன் எழுத்திலும் படிக்கலாம். அவர்கள் தில்லியில் நடத்தும் விழாவுக்கு இளைஞர்கள் பெருந்திரளாக வருகிறார்கள். தேவநாகரியில் எழுதினாலே உருது பிழைத்துக்கொள்ளும் என்று என் அலுவலக நண்பர்கள் சொல்கிறார்கள். எழுத்து மாறினால் மொழிக்கு உண்மையிலேயே இழப்பு உண்டா?

பாலாற்றங்கரை:

வாணியம்பாடியில் உருது வழிப் பள்ளியில் படித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். வட ஆர்க்காட்டுத் தோல் வணிகக் குடும்பங்கள் பல வீட்டில் தமிழோ தக்கனியோ பேசிக்கொண்டு, கல்விக்கும் இலக்கியத்துக்கும் உருதுவை விரும்பி ஏற்றவை. எங்கள் ஊரில் முஷாயிரா என்னும் கவியரங்கு நடக்கிற இரவில் பள்ளி ஆசிரியரும் தோல் பதனிடும் தொழிலாளரும் ஒரே பந்தலில் அமர்ந்து, நல்ல அடி வந்தால் மீண்டும் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். பேச்சு என்று பொருள்படும் 'பாத்' என்ற சொல்லுக்குத் தில்லிக்காரர் 'பாத்தேன்' என்று பன்மை சொல்கிற இடத்தில் நாங்கள் 'பாத்தான்' என்போம். குலி குதுப் ஷா காலத்து வழக்கு அது. சிறுவயதில் அதைக் கொச்சை என்று எங்களுக்கே சொல்லித் தந்தார்கள் என்பதுதான் வருத்தம்.

எழுத்து பற்றிய கேள்விக்கு வருகிறேன். உருதுவை எழுதும் நஸ்தாலிக் எழுத்தில் சொற்கள் வலப்புறம் மேலே தொடங்கி இடப்புறம் கீழே சரியும். ஒவ்வோர் எழுத்தும் பக்கத்து எழுத்தைப் பொறுத்து உருவையும் உயரத்தையும் மாற்றிக்கொள்ளும். ஆகவே தனித்தனி ஈய அச்சுகளைக் கோத்து அதை அச்சிட முடியவில்லை. நூறாண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொரு பக்கத்தையும் காதிப் என்னும் எழுத்துக் கலைஞர் நாணல் பேனாவால் எழுத, அதைக் கல்லச்சிலும் பின்னர் தகட்டிலும் ஏற்றி அச்சிட்டார்கள். சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927இல் தொடங்கிய 'தி முசல்மான்' நாளேடு கணினிக் காலத்திலும் அவ்வாறே கையால் எழுதிய பக்கங்களோடு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பிழை நேர்ந்தால் அந்த இடத்தைச் சுரண்டித் திருத்துவார்கள், சில வேளைகளில் பக்கத்தையே மீண்டும் எழுதுவார்கள். 1981இல் பாகிஸ்தானில் மிர்சா அகமது ஜமீல் ஆயிரக்கணக்கான கூட்டெழுத்துகளை வரைந்து நூரி நஸ்தாலிக் எழுத்துருவை உருவாக்கிய பின்புதான் கணினியில் உருது அழகாக வரத் தொடங்கியது.

தேவநாகரியில் கஜல் படித்து மகிழ்பவர்களை நான் குறை கூறமாட்டேன். அவர்கள் வந்த வழி அதுவானால் அதுவும் நல்ல வழியே. ஆனால் உருதுவில் ஸ என்ற ஒலிக்கு மூன்று எழுத்துகளும் ஆங்கில z போன்ற ஒலிக்கு நான்கு எழுத்துகளும் உண்டு; ஒரு சொல் எந்த வேரிலிருந்து வந்தது என்பதை அவைதாம் காட்டும். அதைவிடப் பெரிய இழப்பு வேறு. தேவநாகரிக்கு மாற்றப்படுபவை பெரும்பாலும் கவிதைகளே. நானூறு ஆண்டு உரைநடையும் பயண நூல்களும் மருத்துவ நூல்களும் செய்தித்தாள்களும் மூல எழுத்திலேயே கிடக்கின்றன. ஐதராபாத்தில் 1918இல் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகம் மருத்துவத்தையும் பொறியியலையும்கூட உருதுவில் கற்பித்தது. அதற்காக ஒரு மொழிபெயர்ப்புப் பணியகமே இயங்கியது. 1948க்குப் பின் அது ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. தெலுங்கும் மராத்தியும் கன்னடமும் பேசிய குடிமக்கள் மீது உருதுவைச் சுமத்தியது நிஜாம் அரசின் தவறு என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனாலும் இந்திய மொழி ஒன்றில் உடற்கூறியலும் வேதியியலும் கற்பித்த அந்த நூல்களை, எழுத்தறியாத தலைமுறை எவ்வாறு தொட்டுப் பார்க்கும்?

பழஞ்சுவடி:

பாலாற்றங்கரை அவர்கள் சொன்னதோடு ஒரு கணக்கைச் சேர்க்க விரும்புகிறேன். இந்தியாவில் உருதுவைத் தாய்மொழி என்று பதிந்தவர்கள் 2001இல் 5.15 கோடி, 2011இல் 5.08 கோடி. அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளுள் அந்தப் பத்தாண்டில் எண்ணிக்கை குறைந்தவை உருதுவும் கொங்கணியும் மட்டுமே. உத்தரப் பிரதேசத்தில் சரிவு மிகக் கடுமை: 1.33 கோடியிலிருந்து ஏறத்தாழ 1.08 கோடி. மகாராஷ்டிரத்திலோ மும்பை, பிவண்டி, மாலேகான் ஆகிய ஊர்களில் உருது வழிப் பள்ளிகள் தொடர்ந்து நடந்ததால், பிறந்த மண்ணுக்கு வெளியே அம்மொழி வலுவாக நிற்கிறது. அதே மகாராஷ்டிரத்தின் பாதூர் நகராட்சிப் பெயர்ப்பலகையில் மராத்திக்குக் கீழே உருது எழுதியிருந்ததை எதிர்த்த வழக்கில், மொழி மதம் அன்று என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தெளிவாகக் கூறி, அந்தப் பலகையை நிலைநிறுத்தியது. அத்தீர்ப்பை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் பலகையைப் படிப்பவர்கள் உருவாக வேண்டிய இடம் தொடக்கப்பள்ளி.

ஒரு வகுப்பில் 10 பேரோ பள்ளியில் 40 பேரோ ஒரு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டிருந்தால் அதற்கு ஆசிரியர் அமர்த்த வேண்டும் என்று மாகாணக் கல்வி அமைச்சர்கள் 1949இலேயே தீர்மானித்தார்கள். தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்ற 350அ பிரிவு 1956இல் அரசமைப்பில் சேர்ந்தது. பிள்ளைகளைச் சேர்க்கும்போது பெற்றோர் தாய்மொழி உருது என்று எழுத்தில் பதியாவிட்டால், தேவையே இல்லை என்று கோப்பை மூடிவிடுவது எளிது. உங்கள் பகுதிப் பள்ளிகளில் சேர்க்கைப் படிவத்தின் அந்தக் கட்டத்தில் என்ன நிரப்புகிறார்கள், உருது ஆசிரியர் பணியிடம் இருக்கிறதா, இருந்தால் நிரப்பப்பட்டிருக்கிறதா என்பதை அங்கேயே இருக்கிற நீங்கள் கேட்டு இங்கே எழுதினால் மிகவும் பயனுள்ளதாக இருக்கும்.